ஒரே தோளில் இரு சுமை

(பங்கின் பொன்விழாவை முன்னிட்டுப் பங்குப் பேரவையும் இளைஞர் இயக்கமும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா என்றால் கடந்த காலத்தைப் போற்றிப் பேசுவது வழக்கம். கோயில் எழும்பிய கதை, மணி வந்து சேர்ந்த கதை, முதல் சுவாமியார் சைக்கிளில் வந்து திண்ணையில் திருப்பலி வைத்த கதை எல்லாம் இம்மலரின் மற்றப் பக்கங்களில் விரிவாகவே இருக்கின்றன. விழாக் குழுவினர் நம்மிடம் கேட்டுக்கொண்ட பொருள் வேறு. உடல் ஊனமுற்றோரையும், பிறப்பால் தாழ்த்தப்பட்டோரையும் நாட்டின் சட்டமும் அரசியலும் எப்படி நடத்துகின்றன என்று பேச வேண்டும் என்றார்கள். அத்தோடு ஓர் இளைஞர் எழுந்து, “சுவாமி, ரெண்டும் ஒரே ஆளுக்கு இருந்தா சட்டம் என்ன சொல்லுது?” என்று கேட்டார். கேள்வி சிறியது. ஆனால் உலகத்தின் பெரிய நீதிமன்றங்கள் பலவற்றைத் திணறடித்த கேள்வி அது. ஆகவே அதை ஒட்டியே பேசுவோம்.

இதற்கு அறிஞர்கள் வைத்திருக்கும் பெயர் “குறுக்குவெட்டுத்தன்மை”. சொல் கரடுமுரடாக இருக்கிறது. ஆனால் பொருள் நமக்குப் பழகிய நாற்சந்திதான். அமெரிக்கச் சட்டப் பேராசிரியை கிம்பர்லே கிரென்ஷா என்பவர் 1989-ஆம் ஆண்டு எழுதிய கட்டுரை ஒன்றில் இந்த உவமையைக் கையாண்டார். நாற்சந்தியின் நடுவில் ஒருவர் நிற்கிறார். நாலு பக்கமும் வண்டி வருகிறது. அடிபட்டு விழுந்தவரிடம், “எந்தத் தெருவிலிருந்து வந்த வண்டி உன்னை இடித்தது? ஒன்றை மட்டும் சொல்” என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? இரண்டு பக்கமும் சேர்ந்து இடித்திருக்கலாம். ஒன்றைச் சொன்னால் பாதி உண்மை. இரண்டையும் சொன்னால், “இரண்டு பெயரை எழுத எங்கள் படிவத்தில் இடமில்லை” என்கிறார்கள்.

அவர் இதைக் கற்பனையாக எழுதவில்லை. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிமீது கறுப்பினப் பெண்கள் ஐவர் தொடுத்த வழக்கில் செயின்ட் லூயிஸ் நகர நீதிமன்றம் 1976-இல் தீர்ப்பளித்தது. 1964-க்கு முன் அக்கம்பெனி கறுப்பினப் பெண்களை வேலைக்கு வைத்ததில்லை. பின்னால் வைத்தார்கள். தொழில் மந்தம் வந்தபோது, “கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியே” என்ற கணக்கில் ஆட்குறைப்பு நடந்தது. கடைசியில் சேர்ந்தவர்கள் யார்? வாசல் கடைசியாகத் திறக்கப்பட்டவர்கள்தானே! வேலையிழந்த பெண்கள் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் என்ன சொல்லிற்று தெரியுமா? பெண்களை நீங்கள் வேலைக்கு வைத்ததே இல்லையா என்றால், அலுவலகத்தில் வெள்ளைக்காரப் பெண்கள் இருக்கிறார்கள். கறுப்பர்களை வைத்ததே இல்லையா என்றால், பட்டறையில் கறுப்பின ஆண்கள் இருக்கிறார்கள். ஆகவே பெண் என்று வழக்காடு, அல்லது கறுப்பர் என்று வழக்காடு. இரண்டையும் கலந்து “கறுப்பினப் பெண்” என்று ஒரு புதிய வகுப்பைச் சட்டத்தில் உண்டாக்க முடியாது என்று சொல்லிவிட்டது.

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்று பின்வரிசையில் யாரோ நினைப்பது தெரிகிறது. கர்நூலுக்கு வருவோம். ஆந்திரப் பிரதேசத்தில் இருக்கிறது.

2011-ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசி நாளில் கர்நூல் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் ஓர் இளம்பெண் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். அவர் பிறவியிலேயே பார்வையற்றவர்; பட்டியல் சாதியைச் சேர்ந்தவர்; கூலி வேலை செய்யும் ஏழைக் குடும்பத்துப் பெண். குற்றம் செய்தவன் அவருடைய சகோதரர்களோடு வேலை செய்து அந்த வீட்டுக்கு வந்து போனவன். கண்ணால் அவனைக் கண்டதில்லை. பழகிய குரலைக் கொண்டே அந்தப் பெண் அவனை அடையாளம் சொன்னார். கீழ்க்கோர்ட்டும் உயர்நீதிமன்றமும் தண்டித்தன. வழக்கு உச்சநீதிமன்றம் போய், 2021 ஏப்ரல் 27-இல் நீதிபதி சந்திரசூட் தீர்ப்பு எழுதினார்.

நம் நாட்டு உச்சநீதிமன்றம் இந்தப் பொருளை இவ்வளவு விரிவாக எடுத்துப் பேசிய தீர்ப்பு இது. பார்வையில்லாதவர் சொல்லும் சாட்சியம் பார்வையுள்ளவர் சாட்சியத்துக்கு ஒருபடி கீழானது என்று கொள்ளக்கூடாது என்று திட்டமாக உரைத்தது. ஒரே பெண்ணிடம் பெண்மையும் சாதியும் பார்வையின்மையும் சேர்ந்திருக்கும்போது அவற்றைத் தனித்தனியே பிரித்து நிறுப்பது வாழ்க்கைக்கு ஒவ்வாது என்று விளக்கிற்று. கிரென்ஷா அம்மையாரின் கட்டுரையையும் எடுத்துக் காட்டிற்று. ஆயுள் தண்டனையையும் உறுதி செய்தது.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொடுத்திருந்த தண்டனையை அதே தீர்ப்பு நீக்கிவிட்டது! காரணம், அந்நாளில் அச்சட்டத்தின் வாசகம், பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் “என்ற காரணத்தால்” குற்றம் நடந்திருக்க வேண்டும் என்றிருந்தது. சாதி பல காரணங்களில் ஒரு காரணமாக இருந்தாலே போதும் என்று நீதிமன்றம் தாராளமாகவே பொருள் கொண்டது. ஆனால் அந்த ஒரு காரணத்தைக் காட்டுவதற்கும் அரசுத் தரப்பு சாட்சி எதையும் வைக்கவில்லை. பின்னர் 2016-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்த வாசகத்தை மாற்றி, “என்று அறிந்து” செய்தாலே போதும் என்றாக்கியது. திருத்தத்துக்கு முன் நடந்த குற்றமாதலால் அது இவ்வழக்குக்குப் பயன்படவில்லை.

பார்வையற்ற ஏழைப் பெண்ணை ஒருவன் தேர்ந்துகொள்கிறான் என்றால், தனக்கு எதிராக எழுந்து நிற்க இவளுக்கு நாதியில்லை என்பது அவன் கணக்கு. அந்த நாதியற்ற நிலை எதனால் வந்தது? கண்ணாலா, சாதியாலா, வறுமையாலா? சோற்றில் கலந்த உப்பைத் தனியே எடுத்துக் காட்டு என்பது போன்ற கேள்வி இது.

சட்டத்தில் ஒரு சிறு சொல் எவ்வளவு பெரிய வேலை செய்கிறது பாருங்கள். நம் அரசியல் சாசனத்தின் 15-ஆம் பிரிவு, மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றை “மட்டும்” காரணமாகக் கொண்டு எவரிடமும் வேற்றுமை பாராட்டக்கூடாது என்கிறது. அந்த “மட்டும்” என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, விமானப் பணிப்பெண்கள் தொடுத்த வழக்கில் 1981-இல் உச்சநீதிமன்றம், பெண் என்பதோடு வேறு காரணமும் சேர்ந்துவிட்டால் சாசனம் தடுத்த வேற்றுமை அதுவல்ல என்ற பொருளில் தீர்த்தது. 2018-இல் நீதிபதி சந்திரசூட் வேறொரு வழக்கில் இந்தப் பார்வை தவறு என்று எழுதினார். இதற்கு நேர்மாறாகத் தென்னாப்பிரிக்கா. நிறவெறியில் வெந்து மீண்ட அந்நாடு 1996-இல் இயற்றிய அரசியல் சாசனத்தில், “ஒன்றோ பலவோ” ஆகிய காரணங்களால் வேற்றுமை பாராட்டுவது கூடாது என்றே எழுதிவைத்தது. அதன் பட்டியலில் இனமும் உண்டு, பிறப்பும் உண்டு, ஊனமும் உண்டு. நம் 15-ஆம் பிரிவின் பட்டியலில் ஊனம் என்ற சொல்லே இல்லை. இங்கிலாந்தின் கதை இன்னும் வேடிக்கை. 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில் இரு காரணங்கள் சேர்ந்த வேற்றுமைக்கென்று 14-ஆம் பிரிவை எழுதினார்கள்; அதை அமலுக்குக் கொண்டுவரப் போவதில்லை என்று 2011-இல் அரசே அறிவித்துவிட்டது.

நம் நாட்டில் ஊனமுற்றோருக்கென முதல் முழுச் சட்டம் 1995-இல்தான் வந்தது. ஏழு வகை ஊனங்களை அது ஏற்றது. அரசு வேலையில் 3 விழுக்காடு ஒதுக்கியது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதை 21 வகையாகவும் 4 விழுக்காடாகவும் உயர்த்தியது. நன்மைதான். 2011 கணக்கெடுப்பில் நாடெங்கும் ஊனமுற்றோர் 2 கோடியே 68 லட்சம் பேர். மக்கள் தொகையில் 2.21 விழுக்காடு. பட்டியல் சாதியினரிடையே மட்டும் அது 2.45 விழுக்காடு. வேற்றுமை சிறியதாகத் தோன்றலாம். ஆனால் ஏன் அங்கே கூடுகிறது என்று யோசிக்க வேண்டாமா? சாக்கடைக் குழியில் இறங்குகிறவர் யார், செங்கல் சூளையில் வயிற்றுப் பிள்ளையோடு மண் சுமக்கிறவர் யார், காய்ச்சல் கண்ட குழந்தையை மருத்துவமனைக்குத் தூக்கிப்போக ஊர்ப் பாதையே இல்லாதவர் யார் என்று எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். சாதி சில வேளைகளில் ஊனத்தை உண்டாக்கவும் செய்கிறது. உண்டாக்கியபின், “இது விதி” என்று பேர் வைக்கிறது.

ஓர் ஊரில் நாம் கண்டது: ஒரு துறை இலவசமாகச் சக்கர நாற்காலி தந்தது. புத்தம் புதிது. அது உருண்டு போகத் தெரு வேண்டுமே! காலனிக்குத் தார்ச்சாலை போடவேண்டியது இன்னொரு துறை. மழைக்காலம் முழுவதும் அந்த நாற்காலி வீட்டுக்குள் துணி காயப்போடப் பயன்பட்டது. நாற்காலி தந்தவர்கள் தங்கள் ஏட்டில் “பயனாளி” என்று எழுதிக்கொண்டார்கள். சாலை போடாதவர்களின் ஏட்டில் அந்தப் பெண்மணி இல்லவே இல்லை.

அரசியலும் இப்படியே. சாதிக் கட்சிக்கு அவர் ஓட்டு. ஊனமுற்றோர் சங்கத்துக்கு அவர் சந்தா. இரு மேடையிலும் அவருக்கு நாற்காலி இல்லை. விதிவிலக்குகளும் உண்டு. 1977 ஏப்ரலில் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில், ஊனமுற்றோர் உரிமைக்கான சட்ட விதிகளில் அமைச்சர் கையெழுத்திட மறுத்தபோது, நூற்றுக்கும் மேற்பட்ட ஊனமுற்றோர் மத்திய அரசுக் கட்டடத்தில் மூன்று வாரங்களுக்கு மேல் தங்கிப் போராடினார்கள். உள்ளேயிருந்தவர்களுக்கு நாள்தோறும் சூடான உணவு கொண்டுவந்து தந்தவர்கள் கருஞ்சிறுத்தைகள் என்னும் கறுப்பின இயக்கத்தார். எப்படி வந்தார்கள்? பிராட் லோமாக்ஸ் என்ற அவ்வியக்கத் தோழர் ஒருவர் நரம்பு நோயால் சக்கர நாற்காலியில் இருந்தவர். அவரும் போராட்டத்தில் உள்ளே அமர்ந்திருந்தார். இரு பக்கமும் உறவுள்ள ஒரே ஆள் இரு கூட்டத்தையும் இணைத்தார். ஏப்ரல் 28-இல் அமைச்சர் கையெழுத்திட்டார்.

இனி நம் வீட்டுக் கதை. இனவெறி என்றால் வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நாம் எண்ணுகிறோம். இனப் பாகுபாட்டை ஒழிக்க ஐ.நா. 1965-இல் இயற்றிய உடன்படிக்கையில் “வம்சாவளி” என்ற சொல்லும் இருக்கிறது. இந்தியா 1968-இல் அதை ஏற்றது. வம்சாவளி என்பதில் சாதியும் அடங்கும் என்று அதன் கண்காணிப்புக் குழு 2002-இல் சொன்னது. நம் அரசு ஒப்பவில்லை. பெயர் எதுவானால் என்ன, பிறந்த வயிற்றைப் பார்த்து ஆளை நிறுப்பது இரண்டிலும் ஒன்றே.

சென்னையில் ரோட்டோரத்தில் செருப்புத் தைத்துப் பிழைத்தவர் சூசை. ஆதிதிராவிடராய்ப் பிறந்தவர், கிறிஸ்தவர். செருப்புத் தைப்போருக்கு அரசுத் திட்டத்தில் இலவசமாகப் பெட்டிக்கடை தந்தபோது பக்கத்திலிருந்தவர்களுக்குக் கிடைத்தது, இவருக்குக் கிடைக்கவில்லை. காரணம், 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை. இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர் ஆகலாம் என்றது அது. பின் 1956-இல் சீக்கியரையும், 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். சூசையின் வழக்கை 1985-இல் உச்சநீதிமன்றம் தள்ளியது. கிறிஸ்தவரானபின்னும் அதே அளவு இழிவைச் சுமக்கிறார்கள் என்பதற்குப் போதிய சான்று காட்டப்படவில்லை என்று சொல்லிற்று. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தையும் பட்டியல் சாதித் தகுதியையும் பிரித்துவிடப் பரிந்துரைத்தது. 2022-இல் மத்திய அரசு இப்பொருளை ஆராய நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைத்தது. ஆணையங்கள் வந்து போகின்றன. செருப்புத் தைத்த கை தைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

இப்போது கர்நூல் பெண்ணை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். அவர் நம்மைப் போல் ஞானஸ்நானம் பெற்றவராக இருந்திருந்தால்? வன்கொடுமைச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதியவே வழியில்லை. “என்ற காரணத்தால்” என்பதா, “என்று அறிந்து” என்பதா என்ற வாதத்துக்கே இடமிராது. நம் தமிழ்நாட்டில் ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். தெருவில் அவர் தாழ்த்தப்பட்டவர்; தாலுகா ஆபீசில் பிற்படுத்தப்பட்டவர்; பார்வையும் இல்லையென்றால் இன்னொரு மேசையில் மாற்றுத்திறனாளி. மூன்று காகிதம், ஒரே ஆள்.

சரி, ஆண்டவருடைய வீட்டில்? இதை மறைத்துப் பேச நமக்கு மனமில்லை. வடக்கன்குளம் மாதா கோயிலில் சாதிகளைப் பிரித்த தடுப்பு ஒன்று இருந்தது, 1910-இல்தான் அகற்றினார்கள். அகற்றியதை எதிர்த்து ஒரு சாரார் போட்ட வழக்குச் சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. எந்தச் சாதிக்கு எதிராக எந்தச் சாதி என்பது இங்கே வேண்டாம். கேட்டால் இன்றைக்கும் சிலருக்குக் கோபம் வரும். 2016-இல் இந்திய ஆயர்கள் தலித் மக்களின் மேம்பாட்டுக்கென வெளியிட்ட கொள்கை அறிக்கையில், திருச்சபைக்குள் இன்னும் தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

ஊனத்தைப் பற்றியும் திருச்சபைக்கு ஒரு சட்டம் இருந்தது. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 984-ஆம் எண். பலவீனத்தால் பீடத்தில் பத்திரமாகப் பணி செய்ய இயலாதவரும், உருக்குறையால் பார்ப்பதற்குத் தகுதியாய்ப் பணி செய்ய இயலாதவரும் குருப்பட்டம் பெறத் தடை உள்ளவர்கள் என்றது அது. காக்காய் வலிப்புள்ளவர்களுக்கும் அதே தடை. லேவியர் நூலில் ஆரோனின் வழிவந்த ஊனமுற்றோருக்குச் சொன்ன தடையின் நிழல் இது. (ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அந்நூல் அவர்களைப் பீடத்திலிருந்து விலக்கினாலும் தூய உணவிலிருந்து விலக்கவில்லை. பந்தியிலிருந்தே விலக்குவது பின்னால் வந்தவர்களின் கைங்கரியம்.) 1983-இல் வந்த புதிய தொகுப்பில் உடல் ஊனத் தடை இல்லை. குருவாக விரும்புவோரின் உடல், மன நலத்தைப் பார்க்க வேண்டும் என்ற பொது விதி மட்டும் உண்டு.

இரு சுமையும் ஒரே தோளில் இருந்த ஒருவரைத் திருத்தூதர் பணிகள் எட்டாம் அதிகாரம் காட்டுகிறது. எத்தியோப்பிய அரசியின் கருவூல அதிகாரி. அந்நிய இனத்தார், அண்ணகர், அதாவது ஆண்மை நீக்கப்பட்டவர். பழைய சட்டப்படி ஆண்டவருடைய சபையில் அண்ணகருக்கு இடமில்லை. அந்நியருக்கும் தடைகள் உண்டு. ஆனால் அவர் ஏழையல்லர். தேரில் வருகிறார், ஏட்டுச் சுருள் வைத்து வாசிக்கிறார், ஓர் அரசியின் பணப்பெட்டி அவர் கையில். ஒருவரிடம் ஒரு பக்கம் அதிகாரமும் மறுபக்கம் இழிவும் சேர்ந்திருக்கக்கூடும் என்பதை லூக்கா அழகாய்க் காட்டிவிடுகிறார். வழியில் தண்ணீரைக் கண்டதும், தாம் ஞானஸ்நானம் பெறத் தடை என்ன என்று அவர் கேட்கிறார். எத்தனை வாசலில் எத்தனை தடையைக் கேட்டுப் பழகியவர் என்பது அந்தக் கேள்வியிலேயே தெரிகிறது. பிலிப்பு என்ன செய்தார்? முதலில் உம் இனத்தைப் பற்றி முடிவு செய்வோம், உடலைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லவில்லை. இருவரும் தண்ணீருக்குள் இறங்கினார்கள்.

பொன்விழாவுக்காக நம் இளைஞர்கள் வீடு வீடாய்ப் போய் எடுத்த கணக்கைப் பற்றிச் சொல்லி முடிப்போம். வின்சென்ட் தெ பவுல் சபையார் ஊனமுற்றோர் ஏடு ஒன்று வைத்திருக்கிறார்கள். சமூகப் பணிக் குழுவினர் காலனிக் குடும்பங்களின் ஏடு ஒன்று வைத்திருக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது பதினொரு பெயர்கள் இரண்டிலும் இருந்தன. ஒரு ஏட்டில் உதவித்தொகைக்கு மனு. மற்றதில் வீட்டுமனைக்கு மனு. ஒருவர் மனு மற்றவருக்குத் தெரியாது. இனி இரண்டும் ஒரே ஏடு. கோயில் முன்வாசலில் இந்த ஆண்டு கட்டிய சாய்தளத்தைப் பார்த்திருப்பீர்கள். அதிலிருந்து காலனி வரைக்கும் உள்ள நானூறு அடி மண்பாதைக்குப் பேரவை ஊராட்சியிடம் எழுத்தில் கேட்டிருக்கிறது. அன்னையின் தேர் அந்தப் பாதையில் போவதைப் பற்றிய பேச்சு பேரவையில் இன்னும் முடியவில்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் மறுபடி வைக்கிறோம். எதிர்ப்பவர்களும் வந்து முகத்துக்கு நேரே பேசலாம்.

அந்தப் பதினொரு வீட்டாரும், விடுபட்டுப் போன வேறு எவரும், ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் பங்கு அலுவலகத்துக்கு வாருங்கள். வர இயலாதவர் சொல்லி அனுப்பினால் இளைஞர்கள் வீட்டுக்கே வருவார்கள். சாதிச் சான்றிதழ், மருத்துவக் குழு தந்த ஊனச் சான்றிதழ், ரேஷன் கார்டு, மூன்றையும் ஒன்றாக எடுத்து வையுங்கள். மனு எழுத நம் பள்ளி ஆசிரியர் இருவர் உட்கார்ந்திருப்பார்கள்.